பீரியட் கரெக்ட் சரி, எந்த பீரியட்?

பழைய ரேஸ் சைக்கிள் சேர்ப்பவர்கள் மத்தியில் ஒரு சொல் அடிக்கடி அடிபடும்: ‘பீரியட் கரெக்ட்’. வண்டி 1974-ல் செய்யப்பட்டது என்றால் அதன் பிரேக், பெடல், கியர், கேபிள் உறை வரைக்கும் அந்த வருடத்து கேட்லாக்கில் இருந்ததாகவே இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வந்த எதுவும் குறை. எது எந்த வருடம் என்று கண்டுபிடிக்க ஒரு தனிக் கலையே இருக்கிறது. ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் மேல் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். கம்பக்னோலோ கியரில் ‘பேட்டண்ட்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கத்தை வைத்து வருடம் சொல்வார்கள்.

நானும் இரண்டு வருடம் இந்தச் சொல்லுக்கு ஊழியம் பார்த்தேன். இந்தக் குறிப்பு அந்தச் சொல்லைப் பற்றிய விமர்சனம். நான் செய்த வேலையைப் பற்றியதும்தான்.

வண்டி என் பெரியப்பாவுடையது. ராலே கிராண்ட் பிரீ, நாட்டிங்ஹாமில் செய்தது, பத்து கியர். கவன்ட்ரியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு 1976-ல் மயிலாப்பூருக்குத் திரும்பியபோது சாமான்களோடு கப்பலில் அனுப்பினார். நான் 2019-ல் மாடிப்படிக்குக் கீழே இருந்து அதை வெளியே இழுத்தபோது அது பத்து கியர் வண்டியாக இல்லை. சக்கரம் இரண்டும் நம் ஊர் சாதா சைக்கிளுடையது. பின்னால் ஒரே ஒரு 18 பல் ஃபிரீவீல். கேரியர், ஸ்டாண்டு, மணி. கியர் மாற்றும் லீவர் இரண்டும் மட்டும் சாய்வுக் குழாயில் அப்படியே இருந்தன, கேபிள் இல்லாமல். சின்ன வயதில் முன்பாரில் உட்கார்ந்துகொண்டு அந்த லீவர்களைத் தள்ளித் தள்ளி விளையாடியது எனக்கு நினைவிருக்கிறது. அவை எதற்கு என்று பெரியப்பா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பார்த்தவுடனே எனக்குத் தோன்றியது, ‘யாரோ வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்’ என்பதுதான். இந்த எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். தப்பு அங்கேதான்.

செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரேமை கிண்டி எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து, மணல் வீச்சில் பெயிண்ட் முழுவதையும் எடுத்து, பவுடர் கோட்டிங் போட்டேன். 27 அங்குலச் சக்கரம், வைன்மன் பிரேக், சிம்பிளெக்ஸ் பிரெஸ்டீஜ் கியர் என்று ஒவ்வொன்றாக இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வரவழைத்தேன். பின்பக்க டீரெய்லர் மட்டும், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளும் கருவி, டூட்டியோடு சேர்த்து 9,000 ரூபாய் ஆனது. உபயோகிக்காத பழைய சரக்கு, பெட்டி பிரிக்காதது. 2021 பொங்கலுக்கு வண்டி தயார். கேட்லாக் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது.

பெரியம்மா வந்து பார்த்தார். “நன்னா பளபளன்னு இருக்குடா. அவர் வண்டி எங்கே?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மூன்றாவது மாதம், அடையாறு பாலத்தில் ஏறும்போது கியரை மாற்றினேன். சடக் என்று ஒரு சத்தம். ஒன்பதாயிரம் ரூபாய் சாமான் இரண்டாகப் பிளந்து செயினில் தொங்கியது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிம்பிளெக்ஸ் சாதாரணக் கம்பெனி அல்ல. டிஜோன் நகரத்து லூசியன் ஜுய் ஆரம்பித்தது. டீரெய்லர் வரலாற்றில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய பெயர். ஆனால் 1960-களில் அவர்கள் பிரெஸ்டீஜ் மாடலை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எடை குறைவு, விலை குறைவு, துரு கிடையாது. புதிதாக இருந்தபோது நன்றாகவே வேலை செய்தது. வயதாக ஆக, திருகு இறுக்கிய இடத்தில் விரிசல் விடும். அமெரிக்காவில் 70-களில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோதே பலரும் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜப்பானின் சன்டூரை மாட்டிக்கொண்டார்கள். ‘பெட்டி பிரிக்காதது’ என்று நான் பெருமையாக வாங்கிய சாமான் பெட்டிக்குள்ளேயே கிழடாகியிருந்தது. உபயோகப்படுத்தாவிட்டால் பழசாகாது என்று நினைப்பது இரும்புக்கே முழுசாகப் பொருந்தாது. பிளாஸ்டிக்குக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

அதாவது என் வண்டி ஆவணத்துக்கு நூறு சதவீதம் உண்மையாகவும், ஓடுவதற்கு லாயக்கில்லாமலும் இருந்தது.

இதற்கப்புறம்தான் கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்குப் போனேன். பெரியப்பா வண்டியைப் பார்த்துக்கொண்டது அங்கே இருந்த பாய். அவர் இப்போது இல்லை, மகன் நடத்துகிறார். உடைந்த கியரைக் காட்டினேன். சிரித்தார். “சார், இதே ஐட்டம் முன்னாடியே உடைஞ்சு வந்துச்சு. அப்பா சொல்வாரு. ஆனா கியருக்காக அதைக் கழட்டல. டயருக்காகக் கழட்டினது.”

டயருக்கா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதையும் வீட்டில் நான் கழற்றிப் போட்டிருந்த சாமான்களையும் வைத்துப் பொறுமையாகக் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு இதுதான் மொத்த விஷயமும்.

கிராண்ட் பிரீயின் சக்கரம் 27 அங்குலம். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 630 மி.மீ. அந்த அளவு டயர் அன்றைக்கு மெட்ராஸ் கடைகளில் கிடைக்கவில்லை என்று பாய் மகன் சொல்கிறார். கொண்டுவந்த இரண்டு ஜோடியும் தேய்ந்தவுடன் வண்டி நின்றுவிட்டது. நம் ஊர் சாதா சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மி.மீ. விட்டத்தில் வித்தியாசம் 5 மி.மீ., ஆரத்தில் இரண்டரைதான். பிரேக் கட்டையை இரண்டரை மி.மீ. மேலே தூக்கினால் போதும், வைன்மன் பிரேக் அப்படியே பிடிக்கும். பெயரளவில் அதே அளவு பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும் 26 அங்குல ரிம்மைப் போட்டிருந்தால் அது 590 மி.மீ.; பிரேக் எட்டவே எட்டாது. இத்தனைக்கும் அவரிடம் எந்த அட்டவணையும் இல்லை. கையால் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ரிம் கிடைத்தது. ஆனால் ராலேயின் ஹப்பில் கம்பி மாட்ட முன்னாலும் பின்னாலும் 36 துளை. நம் ஊர் சாதா ரிம்மில் முன்னால் 32, பின்னால் 40. இரண்டும் சேராது. ஆகவே ஹப்பையும் மாற்ற வேண்டும். மாற்றிய இந்திய ஹப்பில் ஒற்றை ஃபிரீவீலுக்குத்தான் இடம். ஐந்து பல்சக்கர அடுக்கைப் போட்டால் ஃபிரேமில் உரசும். அதனால் கியர் போயிற்று. இந்த ஹப் அகலத்திலும் குறைவு: ஃபிரேமின் பின்கால்களுக்கு நடுவே 120 மி.மீ. இருக்கிறது, ஹப் கிட்டத்தட்ட 110. சாதாரணமாக என்ன செய்வார்கள்? நட்டைப் பலமாக முடுக்கி ஃபிரேமையே உள்ளே இழுத்துவிடுவார்கள். பாய் அப்படிச் செய்யவில்லை. லேத்து பட்டறையில் கொடுத்து, கடைந்த வாஷர்கள் போட்டு இடைவெளியை நிரப்பியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே கனம் இல்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். செயின் நேர்கோட்டில் ஓட வேண்டுமே! முன்பக்கத்து இரண்டு பல்சக்கரங்களில் உள்ளே இருக்கும் 40 பல்லுக்கு நேராக ஃபிரீவீல் வரும்படி வாஷரின் கனத்தைப் பிரித்திருக்கிறார். 40-க்கு 18: ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். நம் ஊர் சமவெளிக்கும், சாயங்காலம் கடலிலிருந்து வரும் எதிர்காற்றுக்கும் தோதான கியர். சென்னையில் மேடு என்றால் காற்றுதான், மற்றபடி நாலு பாலமும் பரங்கிமலையும். வெளியே இருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. அது வேட்டியும் பேண்ட்டும் செயினில் மாட்டாமல் தடுத்தது.

ஆக, டீரெய்லரை யாரும் கெடுக்கவில்லை. ஒரு டயர் கிடைக்காததிலிருந்து ரிம், ரிம்மிலிருந்து துளை, துளையிலிருந்து ஹப், ஹப்பிலிருந்து ஒற்றை கியர் என்று ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வரிசையை வண்டியே எழுதி வைத்திருந்தது. நான் படிக்கவில்லை. கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டேன்.

இன்னொன்று. ராலே தன் நாட்டிங்ஹாம் வண்டிகளுக்கு பி.பி. கப்பில், அதாவது பெடல் அச்சு உட்காரும் இடத்தில், ஊரோடு ஒத்துப்போகாத தனி மரை வைத்திருந்தது: அங்குலத்துக்கு 26. மற்றவர்கள் பெரும்பாலும் 24. அந்த 24 மரை அளவுக்கு உலகம் முழுக்க இன்றும் ‘பி.எஸ்.ஏ.’ என்றுதான் பெயர். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டிகளில் நாம் பார்த்து வளர்ந்த அதே பி.எஸ்.ஏ.தான்: பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனி. கப்பின் விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 24 மரை கப் ராலேயில் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். அதற்கு மேல் முடுக்கினால் ஃபிரேமின் மரை காலி. தி.நகரில் ஒரு பெரிய கடையில் புது கப் போடக் கொடுத்தபோது பையன் அதைத்தான் செய்ய ஆரம்பித்தான். நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். பாய் இத்தனை வருடத்தில் மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார், அந்தக் கப்பை மட்டும் மாற்றவில்லை. பால்ஸ் மாற்றி, கிரீஸ் போட்டு, பழையதையே ஓட்டியிருக்கிறார். மகனிடம் கேட்டால், “ராலே மரை வேற சார், அது தெரியாதா?” என்கிறார், ஏதோ நான் அ, ஆ கேட்டதுபோல.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘பீரியட் கரெக்ட்’ என்பதில் இருக்கும் கோளாறு அது ரொம்பக் கண்டிப்பானது என்பதல்ல. போதுமான கண்டிப்பு அதில் இல்லை என்பதே என் புகார். ஒரு வண்டிக்கு ஐம்பது வருட ஆயுள் இருந்தால் அதில் ஒரே ஒரு நாளை, அது கடையிலிருந்து வெளியே வந்த நாளை மட்டும், உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. மீதி வருடங்கள் முழுக்கச் சேதாரம். கேட்லாக் அச்சடித்த ஊரில் இது ஓரளவு செல்லும். அங்கே டயர் கிடைத்தது, சாமான் கிடைத்தது, ஒன்று போனால் அதே ஒன்றைப் போட முடிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாட்டில் அந்த அளவுகோல் எதையும் அளக்காது. இங்கே நுகர்பொருள் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடு முழுசாக நீங்கியதே 2001-ல்தான். பெரியப்பா வண்டியின் ‘பீரியட்’ எது? நாட்டிங்ஹாமில் இருந்து வந்த வருடமா, அவர் மயிலாப்பூரிலிருந்து கிண்டிக்கு அதில் வேலைக்குப் போன இருபது வருடமா?

இந்த விஷயத்தில் புத்தகங்களும் எனக்கு ஓரளவுதான் உதவின. ஃபிராங்க் பெர்ட்டோவும் மற்றவர்களும் எழுதிய ‘தி டான்ஸிங் செயின்’ டீரெய்லர் வரலாற்றுக்கு வேதம் மாதிரி. எந்தக் கருவி ஏன் ஜெயித்தது என்று அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். சன்டூரின் சாய்ந்த இணைகரம் ஒரு நல்ல உதாரணம். நொபுவோ ஒசாகி 1964-ல் கண்டுபிடித்தது. டீரெய்லரின் மேல் உருளை நேராகப் பக்கவாட்டில் நகராமல், பல்சக்கர அடுக்கின் சரிவோடு சேர்ந்து சாய்வாக நகரும். அதனால் எந்தப் பல்லிலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கியர் சுத்தமாக விழும். காப்புரிமை 1984-ல் முடிந்ததும் ஷிமானோ முதற்கொண்டு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அவ்வளவு தெளிவாகச் சொல்லும் புத்தகம் அது. ஆனால் அது கண்டுபிடித்தவர்கள், கம்பெனிகள், மாடல்களின் கதை. விற்றபின் என்ன ஆயிற்று என்பது அதன் வேலை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர் டேவிட் எட்ஜர்டன். ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்ற புத்தகத்தில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடித்த தேதியை வைத்து எழுதாமல் உபயோகத்தையும் பராமரிப்பையும் வைத்து எழுத வேண்டும் என்கிறார். சரியான பேச்சு. ஆனால் பாயின் வாஷர் ஏன் இரண்டு பக்கமும் வேறு கனம் என்பதற்கு எட்ஜர்டனிடமும் பதில் இருக்காது. அதற்குக் கையில் எண்ணெய் பட வேண்டும்.

சேகரிப்பாளர்களே எல்லாரும் கேட்லாக் பக்தர்கள் என்றும் சொல்ல மாட்டேன். இத்தாலியில் 1997-லிருந்து நடக்கும் லெரோயிகா ஓட்டத்தின் விதியைப் பாருங்கள். வண்டி 1987-க்கு முந்தையதாக இருக்க வேண்டும், கியர் லீவர் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் கிளிப்பும் வாரும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே. முக்கியமானது இவ்வளவுதான். எந்த வருடத்து சாமான் என்று நோண்டுவதைவிட எப்படி ஓட்டுகிறாய் என்பதில்தான் அந்த விதிக்கு அக்கறை. மண் ரோட்டில் ஓட வேண்டிய வண்டிக்குப் போட்ட விதி என்பதால் அதில் புத்தி இருக்கிறது.

கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் இதை நமக்கு முன்பே சண்டை போட்டு முடித்துவிட்டார்கள். 1964-ன் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த நியாயமான வேலைகளை மதிக்க வேண்டும் என்கிறது. ஒரே காலத்துக்குத் திருப்புவது நோக்கம் ஆகாது என்றும். நம் ஊரில் கோயில் சுவர்களை மணல் வீச்சில் ‘சுத்தம்’ செய்து கல்வெட்டுகள் மழுங்கியபோது எவ்வளவு கோபப்பட்டோம்! நானும் கோபமாக எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியவன்தான் பெரியப்பா வண்டியை அதே மணல் வீச்சுக்குக் கொடுத்தேன். சாய்வுக் குழாயில் பெயிண்டர் ஒருவர் கையால் எழுதிய அவர் பெயரின் முதலெழுத்தும் வீட்டு நம்பரும் இருந்தன. போட்டோகூட எடுக்கவில்லை. நினைவிலிருந்து திரும்ப எழுதலாமே என்றார் ஒரு நண்பர். எழுதலாம். அது என் கையெழுத்தாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் மெக்கானிக் செய்ததெல்லாம் புனிதம், துருவும் புனிதம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பக்கமும் ஒரு ஃபேஷன் இருக்கிறது. பாய் போட்டிருந்த குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது. நியாயமாகச் சொன்னால் நாட்டிங்ஹாமில் இருந்து வந்த ரிம்மும் இரும்புதான், அதுவும் பிடிக்காது. ஐப்பசி மழையில் லஸ் முனையில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க முடியாத வண்டியை எந்த பீரியடின் பெயரிலும் நான் ஓட்டத் தயாரில்லை. இப்போது போட்டிருப்பது 27 அங்குல அலுமினிய ரிம். கேட்லாக்கிலும் இல்லை, பாய் வேலையிலும் இல்லை. வண்டிக்கு நான் செய்ததில் உருப்படியான ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பின்னால் சன்டூர் மாட்டியிருக்கிறேன், உலோகத்தில் செய்தது, 70-களின் கடைசியில் வந்தது. விலை சிம்பிளெக்ஸில் பாதிகூட இல்லை. என் வண்டியில் டீரெய்லர் ஆக்சிலோடு முடுக்கும் தகட்டில் தொங்குகிறது என்பதால் ஃபிரேமில் துளை போட வேண்டியிருக்கவில்லை. நாளைக்கு யாருக்காவது வேறு எண்ணம் வந்தால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். லீவர் மட்டும் பழைய சிம்பிளெக்ஸ், நான் விளையாடியது.

கோணிப்பை மிச்சம் இருந்தது. காயலான் கடைக்குப் போக வேண்டியது, சோம்பேறித்தனத்தால் மொட்டைமாடியிலேயே கிடந்தது. உள்ளே இருந்ததை வரிசையாகப் பரப்பி, எடை, அளவு, எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி, வாஷர்களை ஒரு கம்பியில் கோத்து வைத்தேன். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு. எந்தக் கடையில் கடைந்தது என்று பாய் மகனுக்கும் தெரியவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். பால்காரர் ஒருவர் வண்டிக்குப் பின் ரிம் வளைந்துவிட்டதாம். பழைய கனமான 40 துளை ரிம் இருந்தால் தேவலை, இப்போது வருவது தகடு மாதிரி இருக்கிறது, கேனோடு ஏறினால் கோட்டம் வந்துவிடுகிறது என்றார். என் பையைப் பார்த்தார். எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் ரிம்மைக் கொடுத்துவிட்டேன். ஹப்பையும் வாஷரையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.